பதினாலு கை உயரக் குட்டி

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்ஸி
7 மார்ச் 1999

என் பிரீத்தாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. பனியில் புதைந்த காரைத் தோண்டி எடுக்கிறேன் என்று வீரமாகப் போனார், இப்போது சோஃபாவில் படுத்துக்கொண்டு என்னை வேலை வாங்குகிறார். நீயும் ஆலனும் எப்படி இருக்கிறீர்கள்? பொய் சொல்லாமல் எழுது.

ஃபோனை எடுத்தால் நான் அழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். ஒரு வருஷமாக இதே கதை. அதனால் ஒரு சட்டம் போடுகிறேன்: இனி ஃபோனே கிடையாது. நாகர்கோவில் போர்டிங்கில் இருந்தபோது எழுதின மாதிரி கடிதம்தான். பேப்பரில் அழுதால் மை கலையும், அவ்வளவுதானே!

போன வருஷம் பிப்ரவரியில், ஏழாம் மாதத்தில், குழந்தை போனபோது "இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று ஊரே உன்னிடம் சொன்னது. நானும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். அதற்காக உன் அக்கா வாயை மூடிக்கொள்வாள் என்று நினைக்காதே. எங்கள் தமிழ்ச் சபையில் புஷ்பவல்லி ஆன்ட்டி இருக்கிறாரே, எழுபது வயதிலும் கண்ணாடி போடாமல் ஸ்வெட்டர் பின்னுகிறவர், அவர் போன ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயலீலா, ஒன் தங்கச்சி ஒரு புள்ளயத் தத்தெடுக்கலாம்லா?" என்றார். எனக்குச் சுரீர் என்றது. நமக்கு ஏன் இது தோன்றவில்லை?

யோசித்துப் பார். அவசரமே இல்லை. அடுத்த வாரத்துக்குள் பதில் போடு.

ஆலனைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
ஜெயலீலா


(படத் தபாலட்டை. முன்பக்கம்: நெவாடா மலையடிவாரத்தில் புழுதி பறக்க ஓடும் காட்டுக் குதிரைகள்.)

10 ஏப்ரல் 1999

அக்கா, சுகம். சுகம்தானே? புறம்போக்கிலிருந்து எழுதுகிறேன்! ஒரு குட்டியைப் பார்த்தோம். நாலு வயது. சொந்தபந்தம் எல்லாம் மலையில், இவள் மட்டும் இங்கே. ஓரமாக நின்று என்னையே பார்த்தாள். என் கதை முடிந்தது. தத்தெடுக்க அப்ளிகேஷன் கொடுத்தாயிற்று, ஆலனுக்கும் சம்மதம். மே 22ஆம் தேதி கையில் தருவார்கள். கார்டில் இடமில்லை, மீதி பிறகு. பிரீத்தா.


பிரிட்ஜ்வாட்டர்
18 ஏப்ரல் 1999

என் தங்கமே, என் ராஜாத்தி!

அல்லேலூயா! நாங்கள் சுகமா என்று கேட்காதே, வானத்தில் பறந்துகொண்டிருக்கிறோம். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டி அருகிலேயே குதித்தேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரர், என்னை நாய் கடித்துவிட்டதோ என்று ஓடிவந்தார்.

குட்டி! எத்தனை வருஷமாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு! நம் ஊரில் பெண்பிள்ளையைக் குட்டி என்றுதானே கூப்பிடுவோம், இங்கே அப்படிச் சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. நாலு வயதுக் குட்டி! புறம்போக்கில் கிடந்த பிள்ளையா? யாரடி பெற்றுப் போட்டது, பாவிகள்! செவ்விந்தியப் பிள்ளையா? எந்தப் பிள்ளையாக இருந்தால் என்ன, நம் பிள்ளை.

இன்று ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சபையே எழுந்து நின்றது. புஷ்பவல்லி ஆன்ட்டி அழுதுவிட்டார். சுவரில் ஜெப அட்டை இருக்கிறதல்லவா, அதில் "நெவாடா குட்டி" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள்.

பார்சலில் மூன்று கவுன் இருக்கிறது. சிவப்பும் நீலமும் கடையில் வாங்கியது. மஞ்சள் நிறக் கம்பளிக் கவுன் ஆன்ட்டி இரண்டு வருஷத்துக்கு முன் பின்னி, யாருக்கென்று தெரியாமல் வைத்திருந்ததாம். அளவு சரியா என்று எழுது. பேசுகிறாளா? என்ன சாப்பிடுகிறாள்? ராத்திரி பயப்படுகிறாளா? வீட்டுக்கு வந்ததும் பக்கத்திலேயே படுக்க வை.

முத்தங்களோடு,
பெரியம்மா ஜெயலீலா (கையெழுத்தைப் பார்த்தாயா!)


டப்ளின், கலிஃபோர்னியா
30 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தான் முழங்கால் சரியாகிவிட்டதா?

உன் பார்சல் வந்து ஐந்து வாரமாகிவிட்டது. திறந்து பார்த்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, அது குதிரை.

கார்டைத் திருப்பிப் பார். முன்பக்கம் குதிரைப் படம் போட்ட கார்டில், பின்பக்கம் குட்டி என்று எழுதினால் குதிரை என்று புரியாதா என்று நினைத்தேன். உன் கடிதத்தில் நீ கேட்டது எதற்கும் நான் பதில் சொல்லாமலே கார்டு போட்டேன் பார், முட்டாள் நான். என் மேல்தான் தப்பு. திட்டிக்கொள். திட்டிவிட்டு மீதியைப் படி, ஏனென்றால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

ஆலன் ஆபீஸில் வெள்ளியங்கிரி என்று ஒருவர், கோயம்புத்தூர்க்காரர். மாதம் ஒருமுறை நெவாடாவுக்கு டிரைவ் பண்ணிப் போய், அரசாங்க நிலத்தில் ஊற்றைச் சுற்றி வேலி கட்டும் தொண்டர்களோடு வேலை செய்கிறார். மாடுகள் இறங்கி ஊற்றைச் சேறாக்கிவிட்டால் காட்டுப் பிராணிகளுக்குத் தண்ணீர் இல்லை. ஈஸ்டர் லீவில் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். நான் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். "சும்மா வந்து கம்பியைப் புடிச்சுக்கோங்க மேடம், போதும்ங்க" என்றார். பிடித்தேன். சாயங்காலம் வரை விடவில்லை.

அக்கா, கண்ணுக்கு எட்டினவரை புறம்போக்கு! சர்வேயர் அப்பா என்னை எத்தனை தடவை திட்டியிருப்பார், "புறம்போக்கு மாதிரி திரியாதே" என்று. இங்கே வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வீடு கிடையாது, போர்டு கிடையாது, "எங்கே வந்தாய்" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. கிரீன் கார்டு வைத்திருக்கிற எனக்கும் அதில் ஒரு பிடி மண் சொந்தம். திடீரென்று மேட்டுக்கு மேலே நாற்பது குதிரைகள்! நான் "ஆலன், ஆலன்" என்று கத்தினேன். பதினாலு மாதத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை என்று ஆலன் பிறகு சொன்னார்.

மழை இல்லாததால் மலையில் புல் போதவில்லை. அதனால் கொஞ்சம் குதிரைகளைப் பிடித்து, வளர்க்க விரும்புகிறவர்களுக்குத் தத்துக் கொடுக்கிறார்கள். அவற்றை அடைத்து வைத்திருந்த பட்டியில்தான் இவளைப் பார்த்தேன். நனைந்த சிமெண்ட் நிறம், கழுத்தில் அரசாங்கம் வைத்த வெள்ளைக் குறி. அப்ளிகேஷனில் என்னென்ன கேட்கிறார்கள் தெரியுமா? வேலி எவ்வளவு உயரம், நிழல் உண்டா, தண்ணீர் உண்டா! ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் குதிரை இல்லை. நல்லவேளை, லிவர்மோரில் மிசஸ் சில்வெய்ரா என்று ஒரு போர்ச்சுகீசியக் கிழவி, ஆறடி வேலி போட்ட தொழுவத்தில் இடம் கொடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் பதினைந்து நிமிஷம்.

பெயர் வைக்க மனம் வரவில்லை. குட்டி என்றே கூப்பிடுகிறேன்.

கோபமா அக்கா?

பிரீத்தா


பிரிட்ஜ்வாட்டர்
11 ஜூலை 1999

பிரீத்தாவுக்கு,

சுகம். அத்தான் முழங்கால் சரியாகிவிட்டது.

குதிரை.

ஆறு வாரமாக இந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை வந்துவிட்டது என்று நான் குதித்த குதி உனக்குத் தெரியுமா? தெரியாமல் என்ன, நான்தான் வெட்கமில்லாமல் எழுதினேனே. உன்மேல் கோபமில்லை. என்மேல்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கவுன் மூன்றையும் திருப்பி அனுப்பு. மஞ்சளைப் பின்னினவரிடமே நான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உதைத்துக்கிதைத்து வைக்கப்போகிறது.

ஜெயலீலா


டப்ளின்
1 ஆகஸ்ட் 1999

அன்பு அக்கா,

நீ எழுதினாயே, அதுவே போதும். நாங்கள் சுகம். வலது கணுக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. உதைக்கவில்லை, நானே வாளியில் கால் வைத்து விழுந்தேன். ஆபீஸில் கம்ப்யூட்டர்களுக்கு 2000 வருஷத் தேதி திருத்துகிற Y2K வேலை கழுத்தை நெரிக்கிறது. ஐந்து மணி அடித்தால் தொழுவத்துக்கு ஓடிவிடுகிறேன்.

இரண்டு மாதமாகிவிட்டது, இன்னும் தொட விடவில்லை. நான் ஓர் அடி வைத்தால் அவள் நாலு அடி பின்னால். பட்டியில் அடைத்து வைத்திருந்தபோதே தலைக்கயிறு மாட்டித் தருகிறோம் என்றார்கள், மூக்கையும் காதையும் சுற்றிப் போடுகிற கயிறு. நான் பெரிய மனுஷி மாதிரி, "வேண்டாம், அவளா சம்மதிச்சப்புறம் நானே மாட்டுறேன்" என்றேன். மிசஸ் சில்வெய்ரா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குளம்பு வளர்ந்துகொண்டே போகும், வெட்டாவிட்டால் நொண்டியாகிவிடும். குளம்பு வெட்டுகிறவர் வரவேண்டுமென்றால் தலையில் கயிறு வேண்டும். "பிரீட்டா, அக்டோபர் முப்பத்தொண்ணு. அன்னிக்குள்ள கயிறு ஏறலைன்னா அவளைத் திருப்பி அனுப்பிடணும். எனக்கு உன்னையும் பிடிக்கும், அவளையும் பிடிக்கும். ஆனா நொண்டிக் குதிரையை நான் பார்க்க மாட்டேன்."

திருப்பி அனுப்புவதா? என்னால் முடியாது அக்கா. இன்னொரு தடவை வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்ப என்னால் முடியாது.

ஜெபம் பண்ணிக்கொள். குதிரைக்காக ஜெபம் பண்ணக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவசரத்துக்குத் தொழுவத்து ஃபோன் நம்பர் கீழே. சட்டம் தெரியும், இருந்தாலும் வைத்துக்கொள்.

கவுன்களைப் பார்சல் கட்டி காரில் வைத்துவிட்டேன். இந்த வாரம் போட்டுவிடுகிறேன்.

உன் பிரீத்தா


பிரிட்ஜ்வாட்டர்
29 ஆகஸ்ட் 1999

அன்புள்ள பிரீத்தா,

சுகம், சுகமறிய ஆசை. கணுக்கால் வீக்கம் வடிந்ததா? வெந்நீரில் எப்சம் உப்பைப் போட்டுக் காலை வை, அக்கா பார்மசிஸ்ட், சொன்னால் கேள்.

சில விவரம் வேண்டும். குட்டி என்ன சாப்பிடுகிறாள், எது ரொம்பப் பிடிக்கும்? கடிக்கிறாளா? ஆளைக் கண்டு பயம் குறைந்திருக்கிறதா? தூங்குகிறாளா? உயரம் எவ்வளவு? உயரம் முக்கியம், மறக்காமல் எழுது.

ஏன் என்று கேட்காதே. சும்மா தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

கவுனுக்கு அவசரமில்லை. வேண்டுமானால் அனுப்பாமலே இரு.

ஃபோட்டோ அனுப்பாதே.

அக்கா


டப்ளின்
12 செப்டம்பர் 1999

என் அருமை அக்கா!

நீ கேட்டாய்! குதிரையைப் பற்றி நீயே கேட்டாய்! ஆலனிடம் உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். "அக்காவுக்கு என்னாச்சு?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான், உடம்பு சுகம்தானே? எங்களுக்குக் குறைவில்லை.

சாப்பாடு: புல், வைக்கோல். கேரட் என்றால் உயிர். கடிக்க மாட்டாள், ஆனால் முறைப்பாள். தூக்கம் நின்றபடியே. உயரம் பதினாலு கை. குதிரையைக் கையால்தான் அளப்பார்கள், தோள்பட்டை வரை, ஒரு கை நாலு அங்குலம்.

இப்போது பெரிய செய்தி. ஆகஸ்ட் ஏழாம் தேதி அவளைத் தொட்டுவிட்டேன்! நேராகக் கையால் இல்லை, நீளக் கழி நுனியில் துணி கட்டி. பிறகு கழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்து, போன வாரம் என் உள்ளங்கை அவள் கழுத்தில்! தோல் அப்படியே சிலிர்த்தது, ஆனால் ஓடவில்லை. நான்தான் ஓடினேன், வேலிக்கு வெளியே போய்க் குதித்துவிட்டு வந்தேன். தலைப்பக்கம் கை போனால் மட்டும் மூக்கை வானத்துக்குத் தூக்கிவிடுகிறாள். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

லேபர் டே லீவில் மறுபடி மலைக்குப் போனோம். நாங்கள் கட்டின வேலி நிற்கிறது, ஊற்று தெளிந்திருக்கிறது! குதிரை குடிக்கிற தொட்டிக்குக் குழாய் போட்டோம். வெள்ளியங்கிரி முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி, "எங்க ஊருச் சிறுவாணித் தண்ணி மாதிரியே இருக்குதுங்க" என்று குடிக்கப் போனார், ஆலன் கையைத் தட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கி வந்தது, நாங்கள் பாறைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அதில் ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரை அதே நனைந்த சிமெண்ட் நிறம். குட்டியின் அம்மாவாக இருக்கும் என்று எனக்கு நிச்சயம். ஆலன் இல்லை என்கிறார். அவருக்கு என்ன தெரியும்!

கவுன் இன்னும் போடவில்லை. தபாலாபீஸில் ஒரே கூட்டம்.

பிரீத்தா


பிரிட்ஜ்வாட்டர்
10 அக்டோபர் 1999

பிரீத்தா,

நாங்கள் சுகமாக இல்லை. அதாவது உடம்புக்கு ஒன்றுமில்லை, நான் மாட்டிக்கொண்டேன்.

உன் மே மாதக் கடிதம் வந்த வாரத்து ஞாயிறே, சபையில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கதவைத் திறந்ததும் புஷ்பவல்லி ஆன்ட்டி, "குட்டி வந்தாச்சா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படியடி சொல்வது? "வந்தாச்சு ஆன்ட்டி" என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து வாராவாரம் கேள்வி. உன் கடிதத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். "யாரையும் கிட்ட விடமாட்டேங்கா." "தொட்டா நடுங்குதா." "கேரட்டுன்னா உயிர்." "முறைக்கா, ஆனா கடிக்க மாட்டா." ஒரு பொய்கூடச் சொல்லவில்லை பிரீத்தா, சத்தியமாக. அதுதான் மகா பொய்யாகிவிட்டது.

எங்கோ அடிபட்டு வளர்ந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நாற்பது பேர் ஐந்து மாதமாக ஜெபிக்கிறார்கள். நீ கழுத்தைத் தொட்டதைச் சொன்னபோது கை தட்டினார்கள். "இன்னும் தலையைத் தடவ விடலையாம், மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா திருப்பிக் கொண்டுபோயிருவாங்களாம்" என்றேன், இரண்டு பேர் உபவாசம் இருக்கிறார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிறிஸ்மஸ் நாடகத்தில் அவளுக்கு ஒரு தேவதை வேஷம் ஒதுக்கிவிட்டார்கள்! நீங்கள் கட்டாயம் வரவேண்டுமாம். சிறகு தைக்க உயரம் கேட்டார்கள். அதற்குத்தான் உன்னிடம் கேட்டேன். நீ பதினாலு கை என்கிறாய்! அதை வைத்து நான் என்ன செய்ய? "சுமாரான உயரம்" என்றேன். தைத்தே முடித்துவிட்டார்கள்.

31ஆம் தேதி ஞாயிறு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சிரிக்கிறாயா?

உன் பாவி அக்கா


டப்ளின்
17 அக்டோபர் 1999

அக்கா, அக்கா, அக்கா!

சிரித்தேன். ஆலன் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் வாசித்துக் காட்டினேன், ஃப்ரீவே ஓரம் நிறுத்திவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பதினாலு கை உயரத் தேவதை! பிறகு நான் அழுதேன். நாற்பது பேரா? ஐந்து மாதமாகவா?

நானும் ஒன்று சொல்ல வேண்டும். கவுன் பார்சல் தபாலாபீஸுக்குப் போகவே இல்லை.

கழியில் துணி கட்டித் தடவினேன் என்று எழுதினேனே, முதலில் சாக்குத்துணிக்கு மிரண்டாள், துண்டுக்கு மிரண்டாள். அன்று காரில் வேறு துணி இல்லை. பார்சலைப் பிரித்து ஆன்ட்டியின் மஞ்சள் கவுனை எடுத்துக் கட்டினேன். கம்பளி மெத்தென்று இருந்ததாலோ என்னவோ, நின்றாள். ஒரு நிமிஷம் முழுதாக நின்றாள். யாருக்கென்று தெரியாமல் பின்னின கவுன் அக்கா! அதை எப்படித் திருப்பி அனுப்புவேன்? இப்போது அதில் பாதி மண், பாதி குதிரை முடி.

தலைக்கயிறு இன்னும் ஏறவில்லை. பதினாலு நாள் இருக்கிறது. காதுவரை போகிறேன், தலையைத் தூக்கிவிடுகிறாள். தூக்கமே வரவில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல், ஆனால் ஜெபத்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்.

அத்தானுக்கு அன்பு. எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, மனசு மட்டும் தடதடக்கிறது.

பிரீத்தா


பிரிட்ஜ்வாட்டர்
1 நவம்பர் 1999

என் பிரீத்தா,

சுகம் விசாரிக்க ஒன்றுமில்லை, நேற்றுத்தானே உன் குரலைக் கேட்டேன்! ஆனாலும் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாதே, எழுதாமல் விடுவேனா?

மதியம் மூன்று மணி ஆராதனை. சாட்சி நேரத்தில் எழுந்தேன். "எனக்க தங்கச்சி தத்தெடுத்தது புள்ள இல்ல. குதிரை" என்றேன். பின்வரிசையில் யாரோ ஒரு பையன், "ஏ ஹார்ஸ்? கூல்!" என்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, குட்டி, கேரட், எல்லாம். பிப்ரவரியைப் பற்றியும் சொன்னேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. கடைசியில் மஞ்சள் கவுனைச் சொன்னேன்.

அத்தான்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவல்லி ஆன்ட்டி மெல்ல எழுந்தார். எனக்கு உயிர் போயிற்று.

"அதெல்லாம் கெடக்கட்டும் ஜெயலீலா. இன்னிக்குத்தானே கெடு? கயிறு ஏறிட்டா, இல்லியா?"

நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். அவர்களுக்குக் குதிரை என்றால் என்ன, பிள்ளை என்றால் என்ன, ஐந்து மாதமாக முட்டுப்போட்ட விஷயம் அல்லவா! எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாதுன்னா? ஃபோன் பண்ணு!" சட்டம் என்று முனகினேன். "என்ன சட்டம்? எவ போட்டது?" என்றார். நான்தான் என்று சொல்லாமல் நம்பரைத் தேடினேன்.

ஹாலின் ஆபீஸ் அறையிலிருந்து நீ எழுதின நம்பருக்கு அடித்தேன். வாசலெல்லாம் ஆட்கள், கையில் காப்பிக் கோப்பை, யாரும் குடிக்கவில்லை. உன் மிசஸ் சில்வெய்ரா எடுத்தார், "ஹோல்ட் ஆன்" என்று ஃபோனை எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிஷம்! ஒரு நாய் குரைக்கிறது, ஏதோ கதவு ஆடுகிறது. "என்ன கேக்கு, என்ன கேக்கு?" என்று ஆன்ட்டி என் கையைப் பிறாண்டுகிறார்.

பிறகு மூச்சு வாங்க நீ. "அக்கா, ஏறிட்டு!"

நான் திரும்பி, "ஏறிட்டு!" என்று கத்தினேன். பிரீத்தா, அந்த ஹால் எழுப்பின சத்தத்தை ஃபோனில் கேட்டாய் அல்லவா? அப்புறம் நீயும் அழுதாய், நானும் அழுதேன். கவனித்தாயா, இந்தத் தடவை யாரும் ஃபோனை வைக்கவில்லை.

சிறகைப் பார்சலில் அனுப்பச் சொன்னார் ஆன்ட்டி. தைத்தது தைத்ததுதானாம். ஜெப அட்டையில் "நெவாடா குட்டி" என்பதை அடிக்கவில்லை, பக்கத்தில் ஸ்தோத்திரம் என்று எழுதினார்கள். நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

அக்கா


டப்ளின்
8 நவம்பர் 1999

அன்பின் அக்காவுக்கும், முதல் தடவையாக நாற்பது பேருக்கும்,

எல்லோரும் சுகம்தானே? நானும் ஆலனும் குட்டியும் நல்ல சுகம். ஞாயிறு அன்று இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு.

அன்று காலை எட்டு மணியிலிருந்து முயன்றேன். இருபது தடவை தலையைத் தூக்கினாள். மதியம் இரண்டானது. மிசஸ் சில்வெய்ரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அலுத்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் மஞ்சள் கவுன், அதன்மேல் தலைக்கயிறு. "போ, உன் இஷ்டம்" என்றேன்.

பிறகு என்ன தோன்றிற்றோ, அவளிடம் பேச ஆரம்பித்தேன், தமிழில்தான். உன்னிடம் சொல்லாததை, ஆலனிடம்கூடச் சொல்லாததை. ஆஸ்பத்திரியில் என் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள் அக்கா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கவில்லை. இருந்திருந்தால் இப்போது ஒன்றரை வயது தாண்டியிருக்கும், ஓடியிருப்பாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் மறைத்துவிட்டது. மடியில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது. பார்த்தால், குட்டி கவுனுக்குள் மூக்கைப் புதைத்து நிற்கிறாள். தலை, கயிற்றுக்கு நேர் கீழே. நான் எழுந்திருக்கக்கூட இல்லை. மூக்குக்கு மேல், காதுக்குப் பின்னால், கொக்கி. மாட்டியாயிற்று. அந்த நிமிஷம்தான், "பிரீட்டா! நியூ ஜெர்ஸி!" என்று கிழவி கத்திக்கொண்டு வந்தார், வந்தவர் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கயிற்றோடு அவளை வேலிவரை நடத்திக் காட்டிவிட்டு அப்புறம்தான் ஃபோனுக்கு ஓடிவந்தேன். உங்கள் பத்து நிமிஷத்துக்கு அதுதான் கணக்கு.

வியாழக்கிழமை குளம்பு வெட்டியாயிற்று. சிறகு வந்து சேர்ந்தது. குட்டிக்குச் சின்னது, மிசஸ் சில்வெய்ரா தன் நாய்க்குக் கட்டிவிட்டார். ஃபோட்டோ வைத்திருக்கிறேன்.

மஞ்சள் கவுன் இனி குட்டிக்குத்தான், ஆன்ட்டி மன்னிக்க வேண்டும். சிவப்பையும் நீலத்தையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அவற்றை அனுப்பமாட்டேன். ஒரு குட்டிக்குத் தேவைப்படும் போலிருக்கிறது. ஆலனும் நானும் வெள்ளிக்கிழமை இன்னொரு அப்ளிகேஷன் வாங்கிவந்து மேஜைமேல் வைத்திருக்கிறோம்.

போன தடவை மாதிரி ஆகக் கூடாது என்று தெளிவாகவே எழுதிவிடுகிறேன் அக்கா: இதில் வேலி எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை.

பிரீத்தா